அடாஜியோவும் முதனடையும்

இசைக்கு மொழி வேண்டுவதில்லை என்பர். ஆயினும் இசையைக் கற்பிக்கவும், ஒருவர் இயற்றியதை மற்றொருவர் பிழையின்றிப் பாடவும் மொழி வேண்டும். மேனாட்டார் அத்தேவைக்கு இத்தாலிய மொழியைத் தெரிந்தெடுத்துக்கொண்டனர். பாட்டை இயற்றியவர் ஆங்கிலேயராயினும் செருமானியராயினும், அப்பாட்டு எவ்வளவு மெல்லச் செல்லவேண்டும் என்பதைக் குறிக்க இத்தாலியச் சொல் ஒன்றையே சுரத்தாளின் தலைப்பில் எழுதுவது பெருவழக்காயிற்று. லார்கோ, லெந்தோ, அடாஜியோ, கிராவே என்பன அவ்வாறு வழங்கும் சொற்களாம். இவை தோன்றிய வரலாறு யாது, இவற்றின் நேர்ப்பொருள் யாது, இவற்றுக்கு ஒப்பாக நம் தமிழ் நூல்களில் காணப்படுவன யாவை என்பவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

தங்கவயல் தமிழர்க்கு இவ்வாராய்ச்சி எற்றுக்கு என்று சிலர் வினவலாம். 1880ஆம் ஆண்டில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கத் தொழிலில் இறங்கிய பின்னர், வடார்க்காடு, சேலம், சித்தூர் முதலிய மாவட்டங்களிலிருந்து நம் முன்னோர் கூட்டங்கூட்டமாக வந்து குடியேறினர். ஆங்கிலப் பொறியாளரும் ஆங்கிலோ இந்தியரும் அவர்களோடு ஒரே ஊரில் வாழ்ந்தனர். ஆதலின் மாதாகோயில் ஆர்மோனியமும் பியானோவும் ஒருபுறம், திருவிழா நாகசுரமும் தவிலும் பறையும் மறுபுறம் என இருவகை இசையும் இம்மண்ணில் அடுத்தடுத்து ஒலித்தன. இன்று நம் காலனிப் பிள்ளைகள் பலர் கீபோர்டும் கிட்டாரும் கற்று, மேனாட்டு இசைத் தேர்வுகளுக்குச் செல்லுகின்றனர். அது மகிழத்தக்கதே. ஆனால் அடாஜியோ என்பதன் பொருளைக் கேட்டவுடன் சொல்லும் பிள்ளை, விளம்பகாலம் யாது, முதனடை யாது என்று வினவினால் விடையறியாது நிற்கின்றது. இரண்டையும் ஒருங்கே அறிந்துகொள்ளத் தடையொன்றுமில்லை. ஒன்றை அறிவது மற்றொன்றை அறிவதற்குத் துணையாகும் என்பதே நம் கருத்து.

இத்தாலியச் சொற்கள் பரவிய வரலாறு

பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலி நாடு ஐரோப்பாவுக்கு இசைப்பள்ளியாக விளங்கிற்று. இசைநாடகமாகிய ஆப்பெரா அங்கேதான் பிறந்தது. வயலின் அங்கேதான் நிறைவுற்றது. பாரிசு, இலண்டன், வியன்னா முதலிய நகரங்களின் அரசவைகள் இத்தாலியப் பாடகரையும் வாத்தியக்காரரையும் வரவழைத்துப் போற்றின. வந்தவர்கள் தம் சொற்களையும் உடன்கொண்டு வந்தனர். 1615இல் உரோமாபுரியில் வெளிவந்த தம் நூலின் முகவுரையில், பிரெஸ்கோபால்டி என்னும் ஆர்கன் வல்லுநர், தம் உருப்படிகளின் தொடக்கத்தை அடாஜியோவாக இசைக்கவேண்டும் என்று அறிவுறுத்தினார். 1681இல் கொரெல்லி என்னும் வயலின் பேராசிரியர் வெளியிட்ட முதற்றொகுதியிலேயே கிராவே, லார்கோ, அடாஜியோ என்னும் சொற்கள் உருப்படிப் பகுதிகளின் தலைப்புகளாக அமைந்தன. அச்சேறிய அந்நூல்கள் நாடெங்கும் பரவ, அச்சொற்களும் பரவின.

வேகத்தைக் குறிக்க மேனாட்டார் வழங்கும் 'டெம்போ' என்னும் சொல்லும் இத்தாலியமே. அதற்குக் காலம் என்பது பொருள். நம் இசைவாணரும் வேகத்தைக் 'காலம்' என்றே வழங்குகின்றனர். முதற்காலம், இரண்டாங்காலம் என்கின்றோமன்றோ? இரு நாட்டாரும் தம்முள் கலந்து பேசி இப்பெயரை இட்டாரல்லர். பாட்டின் வேகம் என்பது காலத்தைப் பகுத்துக் கொள்ளும் முறையே என்னும் உண்மையை இருவரும் தனித்தனியே உணர்ந்தனர்.

சொற்களின் நேர்ப்பொருள்

இச்சொற்களின் பொருளை ஒவ்வொன்றாக நோக்குவோம். இவற்றுள் 'மெதுவான' என்று நேரே பொருள்படுவது லெந்தோ ஒன்றே. லார்கோ என்பது 'அகன்ற' என்று பொருள்படும். கரை தெரியாத ஆற்றின் அகலத்தை அது நினைவூட்டும். அதனிற் சிறிது குறைந்தது லார்கெத்தோ. அடாஜியோ என்பது 'ஆறுதலாக, இளைப்பாறி' என்னும் பொருளுடைய இரு சொற்கள் இணைந்து உண்டானது. அவசரமற்றவன் தன் வசதிப்படி நடப்பது போன்ற போக்கு அது. கிராவே என்பது 'கனத்த' என்பதாம். துயரும் பெருமிதமும் சுமந்த நடையைக் குறிக்கும். இவற்றுக்கு அடுத்து, மெதுவும் விரைவுமல்லாத நிலையில் நிற்பது அன்தான்தே. 'நடத்தல்' என்னும் வினையிலிருந்து பிறந்த அச்சொல்லுக்கு 'நடக்கின்ற' என்பதே பொருள்.

எனவே இவற்றுட் பல அகலத்தையும் ஆறுதலையும் கனத்தையும் நடையையுமே கூறுகின்றன. வேகம் அவற்றிலிருந்து பெறப்படுகின்றது. இதனால் ஒரு குழப்பமும் நேர்ந்தது. அகலமானது மெதுவானதா, ஆறுதலானது மெதுவானதா என்ற வினாவுக்கு ஒரே விடை கிடைக்கவில்லை. சில ஆசிரியர் லார்கோவே அனைத்தினும் மெதுவானது என்றனர். வேறு சிலர் அவ்விடத்தை அடாஜியோவுக்கு அளித்தனர். ஹாண்டல் என்னும் புகழ்பெற்ற இசைஞர் 1738இல் இலண்டனில் அரங்கேற்றிய 'செர்செ' என்னும் ஆப்பெராவில், அரசன் ஒருவன் மரநிழலைப் போற்றிப் பாடும் பாட்டு ஒன்றுண்டு. அதன் தலைப்பில் ஹாண்டல் எழுதியது லார்கெத்தோ. உலகமோ அதனை 'ஹாண்டலின் லார்கோ' என்றே இன்றளவும் வழங்குகின்றது. எழுதியவர் கருதியதினும் மெதுவாகவே பிற்காலத்தார் அதனை இசைத்து வருகின்றனர் போலும்!

நாடியும் கருவியும்

சொற்கள் இவ்வாறு நெகிழ்ந்து நிற்கவே, வேகத்தை அளந்தறிய வழிதேடினர். பிரஷ்ய மன்னர் இரண்டாம் பிரடெரிக்குக்குக் குழல் கற்பித்த குவாண்ஸ் என்பார், 1752இல் வெளியிட்ட குழலிசை நூலில் மனிதனின் நாடித்துடிப்பையே அளவுகோலாகக் கொண்டார். நண்பகல் உணவுக்குப் பின் நலமுள்ள ஒருவனது நாடி நிமிடத்துக்கு ஏறத்தாழ 80 முறை துடிக்கும் என்பது அவர் கணக்கு. மிக விரைந்த அலெக்ரோவில் ஒரு துடிப்புக்கு அரைச்சுரம் ஒன்று. அதற்கு அடுத்த நிலையில் ஒரு துடிப்புக்குக் காற்சுரம் ஒன்று. பாடும் பாங்கான அடாஜியோவில் ஒரு துடிப்புக்கு அரைக்காற்சுரம் ஒன்று. மிக மெதுவான அடாஜியோவில் அரைக்காற்சுரம் ஒன்றுக்கு இரண்டு துடிப்பு. நான்கு நிலைகளும் ஒன்றற்கொன்று இரட்டித்துச் செல்வதை நோக்குக. நம் முதற்காலத்தை இரட்டித்தால் இரண்டாங்காலம், அதனை இரட்டித்தால் மூன்றாங்காலம் என்னும் முறையையே பெர்லின் நகரத்துக் குழலாசிரியரும் கைக்கொண்டிருக்கின்றார்!

நாடியை நடையோடு இயைத்து நோக்கியவர் நம் சித்த மருத்துவர். வாதநாடி அன்னமும் மயிலும் போலவும், பித்தநாடி ஆமையும் அட்டையும் போலவும், ஐயநாடி பாம்பும் தவளையும் போலவும் நடக்கும் என்று அவர் நூல்கள் கூறும். இன்றும் கிராமத்து வைத்தியர் 'நாடி நடை' என்றே பேசுவர். உடலுக்குள் ஓடும் ஒழுக்கையும் நடையெனக் கண்ட மக்கள், இசையின் ஒழுக்கை நடையென்றதில் வியப்பில்லை.

நாடி ஆளுக்கு ஆள் மாறும். ஆதலின் மாறாத கருவியொன்று வேண்டப்பட்டது. 1814இல் ஆம்ஸ்டர்டாமில் வின்கல் என்பார் ஆக்கிய ஊசலைத் தழுவி, அளவுக்கோடுகள் சேர்த்து, 1815இல் மெட்ரோனோம் என்னும் பெயரால் உரிமம் பெற்றார் மெல்சல் என்பார். நிமிடத்துக்கு இத்தனை தட்டு என அது தட்டிக் காட்டும். பிற்காலத்து மெட்ரோனோம்களில் லார்கோவுக்கு 40 முதல் 60 வரை, லார்கெத்தோவுக்கு 60 முதல் 66 வரை, அடாஜியோவுக்கு 66 முதல் 76 வரை, அன்தான்தேவுக்கு 76 முதல் 108 வரை எனப் பொறித்திருப்பதைக் காணலாம்.

இக்கருவியைப் பெரிதும் வரவேற்றவர் பேத்தோவன். அலெக்ரோ, அடாஜியோ போன்ற சொற்களை இனி விட்டொழிக்கலாம் என்று 1817இல் நண்பர் ஒருவருக்கு எழுதினார். அலெக்ரோ என்றால் 'மகிழ்ச்சியான' என்று பொருள். துன்பமே உருவான பாட்டுக்கும் விரைவு கருதி அத்தலைப்பை இடுவது பொருந்தாது என்பது அவர் வாதம். ஆனால் 1824இல் அரங்கேறிய அவருடைய ஒன்பதாவது சிம்பொனியின் மூன்றாம் பகுதியில், அடாஜியோ என்னும் சொல்லும் இருக்கின்றது. மெட்ரோனோம் எண்ணும் இருக்கின்றது. எண், எத்தனை தட்டு என்பதைச் சொல்லும். எவ்வகை உள்ளத்தோடு என்பதைச் சொல்லாது. பெருங்கலைஞரும் அச்சொற்களை விட்டுவிட இயலாமற் போனதற்குக் காரணம் அதுவே என்று நாம் கருதுகின்றோம்.

நம் முன்னோர் கண்ட நால்வகை இயக்கம்

இனி நம் நூல்களை நோக்குவோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்றுகாதை, மாதவியின் ஆடலரங்கைக் கூறுமிடத்து இசையாசிரியன், தண்ணுமையாசிரியன், குழலாசிரியன், யாழாசிரியன் ஆகியோரின் இலக்கணங்களை விரித்துரைக்கின்றது. அதற்கு உரைவகுத்த அடியார்க்குநல்லார், பாட்டின் இயக்கம் நான்கு என்று பகுத்துக் காட்டுகின்றார். அவை முதனடை, வாரம், கூடை, திரள் என்பன. முதனடை தாழ்ந்த செலவினையுடையது. திரள் முடுகிய நடையினையுடையது. வாரமும் கூடையும் இடைப்பட்டன.

தாழ்தல் என்னும் சொல்லுக்குத் தொங்குதல் என்றும் காலம் நீட்டித்தல் என்றும் இருபொருள் உண்டு. தாழ்சடை என்பதில் முன்னையதும், தாழ்த்தாது வருக என்பதில் பின்னையதும் விளங்கும். வடமொழியாளர் மெதுவான இலயத்துக்கு இட்ட 'விளம்பம்' என்னும் பெயரும் இவ்விரு பொருளையும் உடையதே. செலவு என்பது செல்லுதல். நடை என்பது நடத்தல். இத்தாலியர் 'நடக்கின்ற' என்னும் பொருளில் அன்தான்தே என்றனர். தமிழர் முதனடை என்றனர். இருவரும் மனிதனின் காலடியையே இசைக்கு முதல் அளவாகக் கொண்டனர். இக்காலத்தில் சதுச்ர நடை, திச்ர நடை என்று நாம் வழங்கும்போது நடை என்பது ஓர் எண்ணிக்கைக்குள் அடங்கும் உட்பிரிவைக் குறிக்கின்றது. அப்பொருள் வேறு, முதனடை என்பதிலுள்ள பழம்பொருள் வேறு என்பதை மாணவர் மனங்கொள்ளல் வேண்டும்.

இன்றைய கருநாடக இசையில் விளம்பம், மத்திமம், துரிதம் என மூன்று இலயங்கள் பேசப்படுகின்றன. மெதுவான காலத்தைச் சவுக்ககாலம் என்பாரும் உளர். ஆதிதாளத்தின் எட்டு எண்ணிக்கைகளையும் ஒவ்வொன்றாகப் போட்டுச் செல்வது ஒரு களை. ஒவ்வொன்றையும் இரண்டிரண்டாகப் போட்டுப் பதினாறாக்குவது இரண்டு களை. கச்சேரியில் முன்வரிசையில் அமர்ந்து தொடையில் தாளம் போடும் பெரியவர் ஒரே எண்ணிக்கையை இருமுறை தட்டக் கண்டால், பாட்டு இரண்டு களைச் சவுக்கத்தில் செல்லுகின்றது என்று அறியலாம். மேனாட்டார் தாளின்மேல் எழுதியதை நம்மவர் கையில் எழுதினர் எனலாம்.

கோயில் வழக்கிலும் இவ்வுண்மை விளங்கும். இறைவன் திருவீதி எழுந்தருளும்போது நாகசுரத்தில் மல்லாரி வாசிப்பர். சாகித்தியம் இல்லாத அவ்வுருப்படி, சீர்பாதம் தாங்குவோரின் அடிவைப்போடு இயைந்து செல்வது. பெருஞ்சுமையைத் தோளில் ஏந்தியவர் விரைந்தோட இயலாது. துவண்டு நிற்கவும் கூடாது. கனத்தையும் பெருமிதத்தையும் ஒருங்கே சுமந்த அந்நடையை இத்தாலியர் கேட்டிருப்பின் கிராவே என்றே கூறியிருப்பர். அவ்வாறே மேனாட்டிலும், 1739இல் அரங்கேறிய 'சால்' என்னும் நூலுக்கு ஹாண்டல் அமைத்த சாநடை, இறுதி ஊர்வலத்தில் அடியெடுத்து வைப்போரின் நடைக்கு இசையாக நிலைபெற்றது.

இருவகை இசையும் தமிழகத்தில் சந்தித்த வரலாறு

இவ்விரண்டு மரபுகளும் தமிழ்நாட்டில் நேருக்குநேர் கண்டன. சென்னைச் செயின்ட் ஜார்ஜ் கோட்டையில் ஆங்கிலேயரின் பாண்டு வாத்தியம் முழங்கிய காலத்தில், மணலிச் செல்வரின் ஆதரவில் வாழ்ந்தது இராமசாமி தீட்சிதரின் குடும்பம். அவர் புதல்வருள் ஒருவராகிய பாலுசாமி தீட்சிதர் ஐரோப்பியர் ஒருவரிடம் வயலின் பயின்று, அதனை நம் இசைக்கு உரியதாக்கினார். தமையனார் முத்துசாமி தீட்சிதரோ பாண்டு வாத்திய மெட்டுகளுக்கு வடமொழியில் சாகித்தியம் அமைத்தார். ஏறத்தாழ நாற்பது உருப்படிகள் கொண்ட அத்தொகுதி 'நொட்டுச்சுர சாகித்தியம்' எனப்படும். ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டும் அவற்றுள் ஒன்று.

இங்கே ஒன்று கருதத்தக்கது. துள்ளிச் செல்லும் பாண்டு மெட்டுகளை விரும்பி ஏற்ற அதே முத்துசாமி தீட்சிதர்தாம், நம் இசையில் விளம்பகாலத்துக்கே இலக்கியமாக விளங்கும் பெருங்கிருதிகளை இயற்றினார். அயல் இசையை வரவேற்றமையால் அவர் தம் நடையை இழந்தாரல்லர். தஞ்சையில் இரண்டாம் சரபோசி மன்னர் 1798 முதல் 1832 வரை ஆண்ட காலத்தில் அரண்மனையிலேயே மேனாட்டு வாத்தியக் குழுவும் இருந்தது. தஞ்சை நால்வருள் இளையவரான வடிவேலு வயலினில் பெற்ற தேர்ச்சியைப் பாராட்டி, 1834இல் திருவாங்கூர் மன்னர் சுவாதித் திருநாள் தந்தத்தால் இழைத்த வயலின் ஒன்றைப் பரிசளித்தார்.

பின்னர் வந்தவர் சென்னை அ. மு. சின்னசாமி முதலியார். இவர் தமிழ்க் கிறித்தவர். இருவகை இசையும் கற்றவர். நம் கிருதிகளை மேனாட்டு ஐங்கோட்டுச் சுரக்குறியீட்டில் எழுதி, 1893இல் நூலாக வெளியிட்டார். எட்டயபுரத்துச் சுப்பராம தீட்சிதர் தம் குடும்பத்துப் பெருஞ்செல்வத்தை நூலாக்க முன்வந்ததற்கும் இவருடைய தூண்டுதல் துணைசெய்தது. அதன் பயனாக 1904இல் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' அச்சேறியது. இதற்குச் சற்று முன்னர், 1892இல், உ. வே. சாமிநாதையர் சிலப்பதிகாரத்தை அடியார்க்குநல்லார் உரையுடன் பதிப்பித்திருந்தார். முதனடை என்னும் சொல் ஓலைச்சுவடியிலிருந்து மீண்டு, கற்றார் அனைவர் கைக்கும் எட்டியது அப்பதிப்பினாலேயே. தங்கவயலில் நம் முன்னோர் குடியேறிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், நம் இசையின் பழஞ்சொற்கள் சென்னையில் அச்சேறிக்கொண்டிருந்தன.

மெதுவாகச் செல்வதன் அருமை

விரைவாகப் பாடுவதே திறமை என்றும், மெதுவாகப் பாடுவது எளிதென்றும் எண்ணுவாருளர். இசையறிந்தார் அதற்கு மாறாகவே கூறுவர். விரைவில் ஒரு சுரத்தினின்று மறுசுரத்துக்குத் தாவிவிடலாம். விளம்பத்திலோ இரண்டு தட்டுகளுக்கு இடையே நீண்ட வெளி கிடக்கின்றது. அவ்வெளியை நிரப்புவது எது? வீணையின் நரம்பை மீட்டியவுடன் ஒலி தேயத் தொடங்கும்; தேயும் ஒலியை இழுத்தும் அசைத்தும் உயிர்ப்பிப்பது கமகம். வயலினில் வில்லும், நாகசுரத்தில் மூச்சும் அவ்வொலியைத் தாங்குகின்றன. பாடகனுக்கோ நெஞ்சின் வலிமையே துணை.

மேனாட்டாரும் இதே நிலையை எதிர்கொண்டனர். கொரெல்லி 1700இல் வெளியிட்ட ஐந்தாம் தொகுதியின் அடாஜியோப் பகுதிகளில் சில நீண்ட சுரங்களே காணப்படும். அவற்றுக்கிடையே அணிகளைச் சேர்த்து இசைப்பது வாசிப்பவர் பொறுப்பு. 1710இல் ஆம்ஸ்டர்டாம் பதிப்பாளர் ரோஜர், கொரெல்லியே வாசித்தவாறு என்று கூறி அவ்வணிகளையும் சேர்த்து அச்சிட்டார். சில சுரங்களே இருந்த இடத்தில் கொடிபோல் சுரங்கள் படர்ந்திருப்பதை அப்பதிப்பில் காணலாம். ஒருவனது கற்பனையும் பயிற்சியும் எத்தகையன என்பதை அலெக்ரோ மறைத்தாலும் அடாஜியோ காட்டிக்கொடுத்துவிடும். நம்முடைய விளம்பகாலமும் அத்தகைய உரைகல்லே.

அவ்வுரைகல்லில் பொன்னென மின்னியவர் வீணை தனம்மாள். 1867 முதல் 1938 வரை வாழ்ந்த அவ்வம்மையார், சென்னை ஜார்ஜ் டவுனில் தம் இல்லத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீணை வாசிப்பார். ஆரவாரமின்றிச் செல்லும் அப்பதங்களைக் கேட்பதற்கு வித்துவான்களே அங்குச் சென்று காத்திருந்தனர். அவர் பேர்த்திகளான பிருந்தாவும் முக்தாவும் அப்பதங்களைப் பாடியும், மற்றொரு பேர்த்தியான பாலசரசுவதி அவற்றுக்கு அபிநயம் பிடித்தும் அம்மரபைப் போற்றினர். பிற்காலத்தில் எம். டி. இராமநாதன் தம் கனத்த குரலுக்கேற்ப விளம்பத்தையே தமக்குரிய வழியாகக் கொண்டார். எனினும் கச்சேரியின் பொதுப்போக்கு வேறுவகையில் அமைந்தது. அரியக்குடி இராமானுச ஐயங்கார் வகுத்த கச்சேரி முறையில் மத்திமகாலம் முதன்மை பெற்றது. அது கேட்போர்க்கு விறுவிறுப்பளித்து இசையை வளர்த்தது உண்மை. அதன் பின்னர் வந்த திரைப்பாட்டும் ஒலிபெருக்கியும் விரைவை மேலும் வளர்த்தன. விளம்பகாலப் பதங்களுக்கு மேடையில் இடம் சுருங்கிற்று.

ஊரைவிட்டு வந்தவரின் பாட்டு

1892இல் பொகீமிய நாட்டு இசைஞர் துவோர்ஷாக், இசைப்பள்ளியொன்றின் தலைமையேற்க நியூயார்க் நகரம் சென்றார். அங்கிருந்து அவர் இயற்றிய 'புதிய உலகச் சிம்பொனி' 1893 டிசம்பர் 16ஆம் நாள் அரங்கேறியது. அதன் இரண்டாம் பகுதியின் தலைப்பு லார்கோ. தழுதழுத்த குரலுடைய குழற்கருவியொன்று தனித்தெழுந்து பாடும் அம்மெட்டு, பிறந்த மண்ணைப் பிரிந்தவனின் பெருமூச்சாகவே கேட்போர் உள்ளத்தில் பதிந்தது. 1922இல் அவர் மாணவர் பிஷர் அம்மெட்டுக்குச் சொற்களிட்டபோது, வீடு திரும்புதல் என்னும் பொருளில் தலைப்பிட்டார். துவோர்ஷாக் 1895இல் ஊர் திரும்பினார்.

ஊர் திரும்பாமல் இங்கேயே வேரூன்றிய நம் முன்னோர்க்கும் லார்கோக்கள் இருந்தன. தொட்டிலின் ஆட்டத்தை அளவாகக் கொண்ட தாலாட்டும், விம்மலின் இடைவெளியை அளவாகக் கொண்ட ஒப்பாரியும், சாலில் நீர் நிறைந்து எழும் நேரத்தை அளவாகக் கொண்ட ஏற்றப்பாட்டும் அவர்கள் ஊரிலிருந்து உடன்கொணர்ந்தவை. இங்குக் கவலை ஏற்றமில்லை. நிலத்துக்குக் கீழே மூவாயிரம் மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்துக்குக் கூண்டிலே இறங்கிய வாழ்க்கையே இருந்தது. சங்கு ஊதினால் ஷிப்டு மாறும். அத்தகைய வாழ்விலும் தாலாட்டும் ஒப்பாரியும் நின்றன. ஏனெனில் பிறப்பும் இறப்பும் சங்கின் ஒலிக்குக் காத்திருப்பனவல்ல. சுரங்கத்துக்குள் நேர்ந்த விபத்துகளில் ஆண்மக்களை இழந்த குடும்பங்களில், பெண்கள் பாடிய ஒப்பாரியே அவர்கள் எழுதிய வரலாறு. அவ்வரலாறு எந்த அலுவலகக் கோப்பிலும் இல்லை.

2001 பிப்ரவரி 28ஆம் நாளோடு சுரங்கங்கள் மூடப்பட்டன. சங்கின் இடத்தை இரயில் வண்டியின் நேரம் பிடித்துக்கொண்டது. விடியுமுன் எழுந்து, மாரிகுப்பத்திலும் சாம்பியனிலும் கோரமண்டலிலும் உரிகத்திலும் வண்டியேறி, பெங்களூரில் உழைத்து, இருட்டிய பின் திரும்புவோர் நம்மிடையே ஆயிரக்கணக்கானோர். இவ்விரைவில் தாலாட்டுக்கு நேரமில்லை. கைப்பேசியில் ஓடும் பாட்டே குழந்தையை உறங்கவைக்கின்றது. ஒப்பாரி பாடவல்ல மூதாட்டியர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆறு மணி வண்டியைப் பிடிக்க ஓடுவோரை யாரும் குறைகூற இயலாது. எனினும் நடை முழுதும் ஓட்டமாகிவிட்டால், நின்று நினைப்பதற்குரிய பாட்டு எங்கிருந்து வரும்?

நாம் செய்யத்தக்கன

இதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முதலாவது, நம் காலனியில் மேனாட்டிசை கற்பிக்கும் ஆசிரியர்கள் அடாஜியோவைக் கற்பிக்கும் நாளிலேயே விளம்பகாலத்தையும், அன்தான்தேயைக் கற்பிக்கும் நாளிலேயே நடை என்னும் சொல்லின் வரலாற்றையும் கூறலாம். ஒரே சரளிவரிசையை முதற்காலத்தில் பாடவைத்து, கையால் இரண்டு களை போடவைத்தால், பிள்ளை ஒரு வாரத்தில் இரண்டு நாட்டு இசைக்கும் பொதுவான கணக்கைத் தெரிந்துகொள்ளும்.

இரண்டாவது, சங்க ஆண்டுவிழாவில் விரைந்த பாட்டுகளுக்கும் ஆட்டங்களுக்கும் இடையே, விளம்பகாலப் பாட்டு ஒன்றுக்கேனும் இடமளிக்கலாம். கனம் கிருஷ்ணையர் முதலியோர் இயற்றிய தமிழ்ப் பதங்கள் உள்ளன. தேவாரத்தைத் தாளமின்றிச் சுத்தாங்கமாகப் பாடும் ஓதுவார் மரபும் உள்ளது. அவையோர் முதலில் பொறுமை இழக்கலாம். கேட்கக் கேட்கச் செவி பழகும்.

மூன்றாவதே அவசரமானது. நம் வீடுகளிலுள்ள மூதாட்டியர் அறிந்த தாலாட்டையும் ஒப்பாரியையும் அவரவர் குரலிலேயே பதிவுசெய்து, பாடியவர் ஊர் எது, யாரிடம் கற்றார் என்பனவற்றையும் எழுதி வைத்தல் வேண்டும். இப்போது ஒவ்வொருவர் கையிலும் உள்ள கைப்பேசியே அதற்குப் போதிய கருவி. சின்னசாமி முதலியாரும் சுப்பராம தீட்சிதரும் சாமிநாதையரும் எழுதி வைத்திராவிடில், இன்று நாம் பேசும் செய்திகளுட் பல நமக்குக் கிடைத்திரா. ஏட்டிலிருந்ததை அவர்கள் அச்சிலேற்றினர். வாயிலிருப்பதை நாம் பதிவிலேற்றுவோம்.

பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராசா 2025 மார்ச் 8ஆம் நாள் இலண்டன் மாநகரில் தம் சிம்பொனியை அரங்கேற்றியதை நாமெல்லாம் பெருமிதத்தோடு கேட்டறிந்தோம். சிற்றூரில் தாய்மொழிப் பாட்டைக் கேட்டு வளர்ந்த செவிக்கு மேனாட்டுச் சுரத்தாளும் வசமாயிற்று என்பதற்கு அது சான்று. நம் பிள்ளைகள் லார்கோவையும் அடாஜியோவையும் நன்கு கற்கட்டும். கற்றபின் பாட்டியின் அருகமர்ந்து அவர் பாடும் தாலாட்டுக்குத் தாளம் போட்டுப் பார்க்கட்டும். அது எந்தக் காலத்தில் நடக்கின்றது என்பதை அவர்களே கண்டுகொள்வர்.